அல்னாபுறூ பியர் முதலாளியும் அவருடைய பேஸ்போல் அணியும்

சொந்தமாக ஒரு பியர் ஆலையும் சொந்தமாக ஒரு பேஸ்போல் அணியும் வைத்திருந்த முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொன்னால், "அமெரிக்காவிலையோ?" என்று கேட்கிறார்கள். இல்லை, அல்னாபுறூவில். ஒஸ்லோவின் கிழக்கே, லொறிகள் வந்து திரும்புகிற பண்டசாலைப் பகுதியில். முதலாளியின் பெயர் குகநேசன், ஊர் மீசாலை. ஆலையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். அந்த மூன்றில் அவரும் ஒருவர்.

பெண்சாதி கூட்டம் வைத்து அவரைக் கவிழ்த்தாள் என்றுதான் ஊரில் கதை ஓடுகிறது. கலியாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கூட்டத்தில் வாக்கு எண்ணியவன் நான். அணியின் செயலாளராக ஐந்து வருடம் இருந்தவனும், மைதானத்தில் இரண்டாம் தளத்தில் நின்று பந்துகளைக் கோட்டை விட்டவனும் நானே. தொழில், தபால் பிரிப்பது. எது எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று பார்த்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

குகநேசன் 1987இல் மாணவராக வந்தார். வடக்கே ஒரு வதிவிடப் பள்ளியில் ஒரு வருடம் மொழியும் பனிச்சறுக்கும் படிப்பித்தார்கள். மொழி பிடிபட்டது. பனிச்சறுக்கில் கால் முறிந்தது. பிறகு ஒரு வருடம் மீன் ஆலையில் மீனின் தலையை வெட்டினார். 1989இல் ஒஸ்லோவுக்கு வந்தார். அதே வருடம் உதயகுமாரியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார், கலியாணம் நடந்தது. உதயகுமாரி மொழி படித்து, முதியோர் இல்லத்தில் உதவித் தாதியானார். குகநேசனுக்குப் பெரிய பியர் ஆலையொன்றில் வேலை கிடைத்தது. போத்தல்கள் வரிசையாக ஓடிவரும், வெடித்த போத்தலைக் கண்டால் எடுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வருடம் இதைச் செய்தார். பிறகு போத்தல் பார்க்க ஒரு கமரா வாங்கினார்கள். அவரைக் கைகுலுக்கி, கையில் கொஞ்சம் காசும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் காசில் எங்கள் ஆட்கள் வழக்கமாக வாங்குவது ரக்சிக் கார், அல்லது கடை. குகநேசன் இரண்டு பழைய பியர்த் தாங்கிகளை வாங்கினார். ஏன் என்று கேட்டேன்.

"பன்ரண்டு வருசம் போத்தலை வெளியாலை பாத்திட்டன் ரவி. இனி உள்ளுக்குப் போடுறதையும் ஒருக்காப் பாப்பம்."

அவர் குடிப்பதில்லை. ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி யோசித்துவிட்டுத் துப்புவார். பியர் காய்ச்சுகிற முறையைப் புத்தகம் பார்த்துப் படித்தார். போத்தலில் முதலில் மயில் படம் போட்டார். மயில் முருகனுடைய வாகனம், அதைக் குடிவகையில் ஒட்டலாமா என்று மூன்று பெரியவர்கள் ஆலைக்கே வந்து கேட்டார்கள். நியாயம்தான் என்று மயிலை எடுத்துவிட்டுக் கொக்கைப் போட்டார். பெரியவர்கள் மூவரும் திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு பெட்டி கொண்டுபோனார்கள். அவற்றில் மயில்தான் இருந்தது. ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பக்கத்து இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் கொக்கு பியரை வாங்கின. அது இந்தியாவிலிருந்து வருகிறது என்று சாப்பிட வந்த வெள்ளைக்காரர் நினைத்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் கொக்கு பியரின் பெரிய சந்தை எங்கள் ஆட்கள்தான். எங்கள் கலியாணத்திலும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டிலும் மண்டபத்துக்குள் குடிவகை கிடையாது. அது மரியாதை. மண்டபத்துக்குப் பின்னால் கார் தரிப்பிடம் இருக்கும். தாலி ஏறியதும் ஆண்கள் ஒவ்வொருவராக, "ஒருக்காக் காரைப் பாத்திட்டு வாறன்" என்று எழும்புவார்கள். 2001க்குப் பிறகு ஒஸ்லோத் தமிழரின் கார்ப் பின்பெட்டிகளில் இருந்தது பெரும்பாலும் கொக்குதான். காரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மண்டபத்துக்குள் குகநேசனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய மனைவிமார் உதயகுமாரியை, "பியர்க்காரற்றை மனிசி" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். தங்களுக்குள் என்றால், உதயகுமாரிக்குக் கேட்கிற தூரத்தில்.

குகநேசனுக்கு ஓர் ஆசை இருந்தது. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. நாலு பேர் கூடுகிற இடத்தில் அவருடைய பெயரை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குக் காசு கொடுத்தார், பலகையில் 'ஓர் அடியார்' என்று எழுதினார்கள். 2002இல் கிறிக்கெற் கழகத்தின் விளையாட்டு விழாவுக்கு ஆறு வெற்றிக் கிண்ணங்கள் வாங்கிக் கொடுத்தார். ஒலிவாங்கியில், "இந்தக் கிண்ணங்களை உவந்தளித்தவர் ஒரு நலன்விரும்பி" என்றார்கள். குகநேசன் அறிவிப்பாளரிடம் போனார்.

"தம்பி, நலன்விரும்பிக்கு ஒரு பெயர் இருக்கு."

"அண்ணை, குறை நினையாதேங்கோ, சின்னப் பிள்ளையள் நிக்கினம்" என்றான் அறிவிப்பாளன். அவன் அப்போதுதான் காரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

அடுத்த கிழமை குகநேசன் கிறிக்கெற் கழகத்திலிருந்து விலகினார். கூடவே நாங்கள் பதினொரு பேர் விலகினோம். கொள்கை என்று சொன்னோம். உண்மையில் அவருடைய வான் வண்டியில்தான் நாங்கள் மைதானத்துக்குப் போய்வருகிறவர்கள். சொந்தமாக ஒரு கிறிக்கெற் அணி தொடங்கலாம் என்று கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கு மைதானம் கேட்கப் போனோம். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தாள். கிறிக்கெற் மைதானங்கள் நாலு வருடத்துக்கு நிரம்பியிருந்தன. பேஸ்போல் மைதானம் ஒன்று மட்டும் சனிக்கிழமை இரண்டிலிருந்து ஐந்து மணிவரை சும்மா கிடந்தது.

"அதைத் தாருங்கள்" என்றார் குகநேசன்.

"நீங்கள் பேஸ்போல் விளையாடுகிறவர்களா?"

"வருகிற சனிக்கிழமையிலிருந்து" என்றார்.

எங்களுக்குப் பேஸ்போல் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியிருந்தோம். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற விளையாட்டு. பேஸ்போலும் அதுதானே என்பது குகநேசனின் கருத்து. ஒரு வித்தியாசம் இருந்தது. எல்லேயில், ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தால் அவன் ஆட்டமிழந்தான். 2003 மே மாதம், முதல் ஆட்டத்தில், துரொண்ட்ஹெய்மில் இருந்து வந்த மாணவர் அணியில் வைத்தியம் படிக்கிற நெட்டையன் ஒருவன் மூன்றாம் தளத்தை நோக்கி ஓடினான். குகநேசன் பந்தைப் பொறுக்கி, நிதானமாகக் குறிபார்த்து, அவனுடைய முதுகின் நடுவில் எறிந்தார். பையன் குப்புற விழுந்தான். நாங்கள் பன்னிரண்டு பேரும் கைகளைத் தூக்கிக்கொண்டு, "அவுட்!" என்று கத்தினோம். நடுவர் நடந்து வந்து, இது என்ன என்று கேட்டார்.

"ஆளிலை பட்டிட்டுது" என்று குகநேசன் நோர்வே மொழியில் விளக்கினார். "சுத்தமாப் பட்டது. அவரையே கேளுங்கோ."

முப்பத்தொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். தோற்ற அன்று இரவு அவர் சட்டப் புத்தகம் ஒன்றை இணையத்தில் வாங்கினார். அடுத்த மாதம் ஒஸ்வால்டோ என்ற கியூபாக்காரனை ஆலையில் வேலைக்கு எடுத்தார். ஒஸ்வால்டோ தன்னுடைய ஊரில் சின்ன வயதிலிருந்தே பந்து எறிந்தவன். அவனுடைய வேலைக் கடிதத்தில் 'போத்தல் கழுவுதலும் பந்து எறிதலும்' என்று எழுதியிருந்தது. சம்பளத்துக்கு விளையாடுகிறவன் ஒருவன் இருப்பதால் எங்களுடையது தொழில்முறை அணி என்று குகநேசன் அதன் பிறகு சொல்லத் தொடங்கினார். நோர்வேயில் வேறு தொழில்முறை பேஸ்போல் அணி இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அந்த ஐந்து வருடத்தில் நாங்கள் ஒரேயொரு ஆட்டம் வென்றோம். மே மாதப் பனியில் எதிரணியின் பஸ் மலைப்பாதையில் நின்றுவிட்டது. ஆட்கள் வராவிட்டால் ஒன்பதுக்குப் பூச்சியம் என்று எழுதவேண்டும் என்பது பேஸ்போல் விதி. அந்தத் தாளைச் சட்டம் போட்டு ஆலைச் சுவரில் மாட்டினார்.

அணி தொடங்கியபோது அவருடைய பெயரை உடுப்பில் போடுவதாகத்தான் இருந்தது. நெஞ்சில் கொக்கு, முதுகில் 'குகநேசன்'. பன்னிரண்டு பேரின் முதுகிலும். ஆனால் இந்த நாட்டில் குடிவகைக்கு விளம்பரம் செய்யக் கூடாது. கொக்கும் முடியாது, காய்ச்சுகிறவர் பெயரும் முடியாது என்று அவருடைய கணக்காளர் கடிதம் எழுதினார். ஆகவே சாம்பல் நிறத்தில், இலக்கம் மட்டும் போட்ட உடுப்பு வந்தது. கழகத்துக்குத் தலைவராக இருப்பதும் விளம்பரம் ஆகலாம் என்று கணக்காளர் அதே கடிதத்தில் சேர்த்திருந்தார்.

தலைவர் வேண்டுமே. அதோடு ஐந்து பேர் கொண்ட நிருவாகத்தில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது இங்கத்தைய விளையாட்டுச் சம்மேளனத்தின் விதி. குகநேசன் இரண்டு பிரச்சினையையும் ஒரே பேனையால் தீர்த்தார். தலைவி உதயகுமாரி. உபதலைவி, எங்கள் அணியில் பந்து பிடிக்கிறவரின் மனைவி சிவமலர். படிவத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய், "இதிலை ஒரு கையெழுத்து வையும்" என்றார். உதயகுமாரி கையைத் துடைத்துவிட்டு வைத்தார். என்னத்துக்கு என்று கேட்கவில்லை.

அதன் பிறகு வருடாவருடம் கூட்டக் குறிப்புகளைத் தேநீர் இடைவேளையில் நான் எழுதினேன். கூட்டம் எதுவும் நடக்கவில்லை. நடந்தது போல் இருக்க வேண்டும் என்பதற்காக 2005ஆம் ஆண்டுக் குறிப்பில், பந்துகளின் தரம் பற்றிச் சிவமலர் கடுமையான கேள்வி எழுப்பினார் என்று சேர்த்தேன். சிவமலர் அந்த மாதம் தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தார். இந்த வேலையைப் பிழை என்றே நான் நினைக்கவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

2007 கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் அல்னா பேஸ்போல் கழகத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பதாக முறைப்பாடு கிடைத்திருக்கிறது என்று விளையாட்டுச் சம்மேளனம் எழுதியிருந்தது. இந்த நாட்டில் விளையாட்டுக் கழகத்தை யாரும் சொந்தமாக வைத்திருக்க முடியாது, அது உறுப்பினர்களுடையது. மாசி மாத ஆண்டுக் கூட்டத்துக்குச் சம்மேளனத்திலிருந்து ஒருவர் வருவார். கூட்டமும் தேர்தலும் முறைப்படி நடக்காவிட்டால் கழகம் பதிவிலிருந்து நீக்கப்படும், மைதான நேரமும் போய்விடும். முறைப்பாடு செய்தவர் யார் என்று எழுதவில்லை. எங்களுக்குச் சந்தேகப்பட ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

குகநேசன் கடிதத்தை மூன்று முறை வாசித்தார்.

"ஒருத்தருக்கும் சொந்தமில்லாட்டி அது என்னெண்டு ஓடுது? வானுக்கு எண்ணெய் ஆர் அடிக்கிறது?"

"அண்ணை, நாடு அப்பிடி."

"அப்ப நான் ஆர்?"

உறுப்பினர் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. சம்மேளனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பியர் காய்ச்சுகிறவர் கழகத் தலைவராக இருக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார்கள். கணக்காளர் என்றேன். குகநேசனுக்கு இதைச் சொன்னதும் உசார் வந்துவிட்டது. தேர்தலில் நின்று, எல்லார் முன்னாலும் வென்று, முறைப்படி தலைவராவது என்று முடிவெடுத்தார். "முதலாளி எண்டு சொல்லக் கூடாதெண்டால் தலைவர் எண்டு சொல்லட்டும். பெயரோடை சொல்லட்டும்." மற்ற வழியில் எல்லாம் தவறிப்போனவருக்கு இது கடைசி வழி. இதில் தோற்றால், தானே தொடங்கிய அணியில் அவர் யாரும் இல்லை.

தோற்பார் என்று யாரும் நினைக்கவில்லை. வாக்குப் போட உரிமை உள்ளவர்கள் இருபத்தொரு பேர். ஆண்கள் பன்னிரண்டு, மனைவிமாரும் தாய்மாருமாகப் பெண்கள் ஒன்பது. அவரைத் தவிர்ந்த பதினொரு ஆண்களும் அவருடைய வானில் ஏறியவர்கள். ஒஸ்வால்டோ சம்பளக்காரன், அவனுக்கு வாக்கு இல்லை.

2008 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் ஒன்றின் சாப்பாட்டறையில் கூட்டம் நடந்தது. சம்மேளனத்திலிருந்து தோர்பியோர்ன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தன்னுடைய தேநீரைத் தானே போத்தலில் கொண்டுவந்து, முன்வரிசையில் இருந்தார். கூட்டத்தை நடத்தும்படி தலைவியைக் கேட்டார். உதயகுமாரி முன்னால் வந்து மேசையில் ஒரு கோப்பு மட்டையை வைத்தார். அதற்குள் சம்மேளனத்தின் சட்டக்கோவை இருந்தது. பச்சை நிறத்தில் கோடு போட்டிருந்தார். அந்தக் கோவையை நான் ஐந்து வருடத்தில் ஒருநாளும் திறந்ததில்லை.

தேர்தல் வந்தது. இங்கே ஒரு பிழை நடந்தது, அது என்னுடையது. தலைவர் பதவிக்கான பிரேரணைத் தாளைப் போன வருடத் தாளைப் பார்த்து அப்படியே அடித்திருந்தேன். அதில் 'உதயகுமாரி, மறுதெரிவு' என்று இருந்தது. குகநேசனுடைய பெயரைச் சபையிலிருந்து எழும்பி முன்மொழிந்தவர் பந்து பிடிக்கிறவர், சிவமலரின் கணவர். ஆக, இரண்டு பேர். புருசனும் பெண்சாதியும். உதயகுமாரி சிரித்துக்கொண்டு விலகிவிடுவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்கள் போட்டியிடச் சம்மதமா?" என்று தோர்பியோர்ன் கேட்டார். கேட்கவேண்டும் என்பது விதி.

"ஓம்" என்றார் உதயகுமாரி. பிறகு நோர்வே மொழியிலும், "யா" என்றார்.

பின்வரிசையில் இருந்த குகநேசன் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அப்படியானால் வேட்பாளர்கள் இருவரின் பெயரையும் சபைக்கு வாசியுங்கள்."

உதயகுமாரி தன்னுடைய பெயரை வாசித்தார். அடுத்தது வரவில்லை. அறையில் இருந்த தமிழர் எல்லாருக்கும் அப்போதுதான் விசயம் விளங்கியது. எங்கள் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்வதில்லை. 'இவர்' என்பார்கள், 'பிள்ளையளின்ரை அப்பா' என்பார்கள், நேரே கூப்பிடுவதென்றால் 'இஞ்சாருங்கோ'. வைத்தியரிடமும் வங்கியிலும் பெயர் கேட்டால் அட்டையை நீட்டுவார்கள். இந்த நாட்டில் பத்தொன்பது வருடம் வேலை செய்த உதயகுமாரியும் அப்படித்தான். அட்டை நீட்டுகிற இடமாக அது இருக்கவில்லை.

"மற்றது இவர்" என்று பின்வரிசையைக் கையால் காட்டினார்.

தோர்பியோர்ன் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஆறு இவர்கள் இருந்தார்கள்.

"பெயர்?" என்றார். குறிப்புப் புத்தகத்தில் பேனை தயாராக இருந்தது.

சிவமலர், "நான் சொல்லட்டே அக்கா?" என்று எழும்பினார். உதயகுமாரி கையைக் காட்டி அவரை இருத்தினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"குகநேசன்" என்றார். சத்தமாக, கடைசி வரிசைவரை கேட்கும்படி. "தம்பிராசா குகநேசன்."

குகநேசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வகுப்பில் வரவு இடாப்பில் பெயர் கூப்பிட்டால் எழும்புவோமே, அப்படி. பிறகு எதற்கு எழும்பினோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். வயதுபோன பெண்கள் இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

எழும்பியபடியால் அவரே முதலில் பேசட்டும் என்றார் தோர்பியோர்ன். ஆளுக்கு இரண்டு நிமிடம். குகநேசன் ஐந்து வருடத்தில் வாங்கிய மட்டைகள், கையுறைகள், தளங்கள் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, "மிச்சம் உங்களுக்குத் தெரியும்தானே" என்று இருந்துவிட்டார்.

உதயகுமாரி தமிழிலேயே பேசினார். நான் தோர்பியோர்னின் காதுக்குள் மொழிபெயர்த்தேன்.

"எனக்கு இந்த விளையாட்டு விளங்காது. அஞ்சு வருசமாக் கையெழுத்து வைச்சனான், என்னத்துக்கு எண்டு கேக்கேல்லை. கடிதம் வந்தாப்போலை வேலைக்குப் போற பஸ்ஸிலை இந்தப் புத்தகத்தை முழுக்க வாசிச்சனான். வேலையிலை பதினாலு பேரின்ரை கூட்டம் கிழமைக்குக் கிழமை நான்தான் நடத்திறன். அது இஞ்சை இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரும் கேட்டதில்லை." பச்சைக் கோடு போட்ட ஒரு பக்கத்தை விரித்தார். "பொம்பிளைப் பிள்ளையளுக்கும் ஒரு அணி வைக்கலாமாம், அதுக்கு நேரம் தருவினமாம். ஒரு வருசம் இதை உண்மையாச் செய்து பாக்க எனக்கு விருப்பம். அவ்வளவுதான்."

இரண்டு நிமிடத்தில் ஒன்றேகால் நிமிடம் மிச்சம் இருந்தது. தோர்பியோர்ன் அதைக் குறித்துக்கொண்டார்.

வெள்ளைக் கடதாசித் துண்டுகள் கொடுத்தோம். ஒவ்வொருவரும் ஒரு பெயரை எழுதி, மடித்து, தேநீரோடு சாப்பிட றோல்ஸ் பலகாரம் கொண்டுவந்து வெறுமையான பாத்திரத்தில் போட்டார்கள். என் வாக்கு யாருக்கு என்று சொல்ல மாட்டேன், அது இரகசிய வாக்கெடுப்பு. பிறகு தோர்பியோர்னும் நானும் மூலையில் ஒரு மேசைக்குப் போய் எண்ணினோம். அவர் பிரிப்பார், வாசிப்பார், இரண்டு குவியலில் ஒன்றில் வைப்பார். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருந்தன, வெள்ளைக்காரர் எண்ணுகிறார் என்று எங்கள் ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். குகநேசனின் குவியல் கடகடவென்று ஏழானது. பிறகு மெதுவானது. ஆண்களில் எத்தனை பேர் வானை மறந்தார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. பத்துக்குப் பத்து என்று வந்தபோது பாத்திரத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

தோர்பியோர்ன் அதைப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"இது என்ன?"

அது ஒன்று மட்டும் தமிழில் எழுதியிருந்தது. பியர்ப் பெட்டிகளில் திகதியும் தொகையும் எழுதுகிற, சரிவான, அழுத்தமான எழுத்து. அந்த எழுத்தில் ஐந்து வருடம் எனக்கு அணிப் பட்டியல் வந்திருக்கிறது. ஆயிரம் எழுத்துக்குள் வைத்தாலும் அடையாளம் காண்பேன். தோர்பியோர்னுக்குத் தமிழ் தெரியாது. நான் எந்தப் பெயரைச் சொல்லுகிறேனோ அந்தக் குவியலில்தான் அது போகும். அந்தப் பின்வரிசை மனிதனுக்கு ஐந்து வருடமாக என்ன வேண்டும் என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஒரு கணம் மற்றப் பெயரைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மறைப்பானேன்.

"அவருடைய பெயர்" என்று உதயகுமாரியைக் காட்டினேன். "உதயகுமாரி."

தோர்பியோர்ன் அதை வலப்பக்கக் குவியலில் வைத்தார். பதினொன்றுக்குப் பத்து.

முடிவை அறிவித்தபோது முதலில் கைதட்டியவர் குகநேசன். கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. சும்மா நடிக்கிறார், உள்ளுக்குள் வேகிறார் என்று பிறகு எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கவிழ்த்துவிட்டாள் என்ற கதை அந்தக் கைதட்டல் ஓயமுதலே தொடங்கிவிட்டது. தோர்பியோர்ன் எல்லாம் முறைப்படி நடந்தது என்று எழுதி, கையெழுத்திட்டு, மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். கழகம் தப்பியது.

கார் தரிப்பிடத்தில் குகநேசன் தான் கொண்டுவந்த கதிரைகளை வானுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, உங்கடை எழுத்து எனக்குத் தெரியும்."

அவர் கதிரையைக் கீழே வைத்தார்.

"ஏனண்ணை? இவ்வளவு காலமும் இதுக்குத்தானே நிண்டனீங்கள்?"

"பத்தொன்பது வருசம் ரவி. இது வேணும் எண்டு அவ என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. இண்டைக்குச் சபையிலை எழும்பி, விருப்பம் எண்டு சொல்லுறா. அந்தச் சொல்லை அவவின்ரை வாயிலை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்." வானுக்குள் பார்த்துக்கொண்டு பேசினார். "எழுதேக்கை என்ரை பெயரைத்தான் எழுதுவம் எண்டு துண்டை எடுத்தனான். கை போகேல்லை."

"தமிழிலை ஏன் எழுதினனீங்கள்? நான் கண்டுபிடிப்பன் எண்டு தெரியாதே?"

"அவவின்ரை பெயரை நான் ஒருநாளும் வேறை எழுத்திலை எழுதினதில்லை." கதிரையை உள்ளே தள்ளினார். "அவவுக்குச் சொல்லாதை. தானா வெண்டவ எண்டு இருக்கட்டும். அதைப் பழுதாக்காதை."

நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேனே என்று கேட்கலாம். ஊர் சிரிக்கிறது, என்னால் பொறுக்க முடியவில்லை. உதயகுமாரி வாசிப்பது சட்டக்கோவைகளைத்தான், கதைகளை வாசிக்கிற பழக்கம் இல்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அவர் அடுத்த வருடமும் தலைவியானார், அதற்கடுத்த வருடமும். அப்போது போட்டியில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு அணி வந்தது, அது வந்த வருடமே நான்கு ஆட்டம் வென்றது, எல்லாவற்றுக்கும் எதிரணி நேரத்துக்கு வந்திருந்தது. குகநேசன் வான் ஓட்டுகிறார். நிருவாகத்தில் அவருக்குப் பதவி இல்லை.

அந்தப் பதினோராவது வாக்கு சிவமலருடையது என்று உதயகுமாரி முடிவு கட்டியிருக்கிறார். சிவமலரின் கணவர்தானே குகநேசனை முன்மொழிந்தவர், புருசனுக்கு எதிராகத் துணிந்து போட்டிருக்கிறாள் என்பது அவருடைய கணிப்பு. நன்றிக்கடனாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சிவமலர் வீட்டுக்கு ஒரு பெரிய தகரப்பெட்டி நிறையப் பயத்தம்பணியாரம் சுட்டு அனுப்புகிறார். சிவமலருக்கு ஏன் என்று தெரியாது, வாங்கி வைத்துக்கொள்கிறார். மூன்று மாடி படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர் குகநேசன்.